துரைக்குத் தெரியாத பாஷை

"புதுத் தொரைக்குத் தமிழ்ல ஒரு வார்த்தை புரியாது. நீங்க பாட்டுக்குப் பேசுங்க" என்று சொல்லிப் புருஷனை வாசலுக்கு வெளியே தள்ளினாள் சந்திரமதி.

அர்ச்சுனன் தோட்டத்து ஆபீசை நோக்கி நடந்தான். ரெங்கம் ஊரை ஒட்டிய அந்த ரப்பர் தோட்டத்தில், அவர்களுடைய லயத்து வீட்டின் கூரை ஆறு வாரமாக ஒழுகியது. கூரை மாற்றச் சொல்லிக் கேட்க முன்பே இரண்டு முறை போனவன்தான். இரண்டு முறையும் பழைய துரைக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுத் திரும்பியிருந்தான்.

இன்று மேசைக்கு அந்தப் பக்கம் புதுத் துரை. சொல்வதை இங்கிலீசில் எடுத்துச் சொல்ல, பக்கத்தில் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி விசுவலிங்கம்.

புரியாத ஆளிடம் என்ன பயம்? அர்ச்சுனன் நிமிர்ந்து நின்றான்.

"மழை பேஞ்சா நாங்க வீட்டுக்குள்ளதான் நனையுறோம், தொரை. ஒழுகுற எடத்துக்கெல்லாம் வச்சது போக, சமைக்கச் சட்டி இல்ல. பொண்டாட்டி ஏழு மாசம். பொறக்கப்போற புள்ளய எங்க படுக்க வைக்கிறது?"

தனக்கு இப்படிப் பேச வருமென்று அவனுக்கே தெரியாது. அந்தச் சூட்டில் கிராணி பக்கம் திரும்பினான்.

"இவருக்கு எங்கய்யா ஏறப்போவுது? சட்டைப் பொத்தானையே மாத்திப் போட்டிருக்காரு, பாவம்."

துரையின் கை மெல்லச் சட்டைக்குப் போயிற்று. கிராணிக்கு இருமல் வந்தது.

இருமல் நின்றதும் கிராணி இங்கிலீசில் ஏதோ சொன்னார். துரையும் ஏதோ சொன்னார்.

"நாளைக்குக் கூரை மாத்த ஆள் வரும். நீர் போகலாம்" என்றார் கிராணி.

திரும்பும் வழியில் கங்காணி செல்லப்பன் எதிரே வந்தார். அவரைக் கண்டால் மரத்துக்குப் பின்னால் ஒதுங்குகிறவன், "என்ன கங்காணி, சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டுவிட்டு நடந்தான். கங்காணி நின்று திரும்பிப் பார்த்தார்.

வீட்டில் சந்திரமதியிடம் ஒன்றுவிடாமல் சொன்னான், பொத்தான் உட்பட.

"இனிமே எந்தத் தொரை வந்தாலும் நான் பேசுவேன். பயம் விட்டுப்போச்சு."

"நல்லாப் பேசுங்க. பொத்தானை மட்டும் விட்டிருக்கலாம்."

"ஏன்? அவருக்குத்தான் புரியாதே."

சந்திரமதி முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள்.

"போன வாரம் எங்கிட்ட, 'எத்தனை மாசம்மா'ன்னு தமிழ்லதான் கேட்டாரு."