கறுப்பு உமி

ஐஸ் பெட்டிக்குள் அடியில் தட்டைப் போடுவதா, பழைய வலைக்குழாயே இருக்கட்டுமா என்பதில் சோணைக்கும் அழகுபாண்டிக்கும் சாப்பிட்டு எழுந்ததிலிருந்தே இழுபறி.

அழகுபாண்டியின் திருநகர் வீட்டு மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட ஒரு அறை. அதற்குள் இரண்டு பேரும் பல வருடமாக வெளியில் யாருக்கும் தெரியாமல் பீர் காய்ச்சுகிறார்கள். விற்க அல்ல. காய்ச்சிக் குடித்துவிட்டு, ஒருவரை ஒருவர் மெச்சிக்கொள்வதற்கு.

செய்முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. முளைகட்டி உலர்த்திய பார்லியை ஒன்றிரண்டாக உடைத்து, ஐஸ் பெட்டியில் சுடுதண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் இனிப்புச் சாறு இறங்கும்; அதை அடுப்பில் கொதிக்கவிட்டுப் புளிக்கவைத்தால் பீர். பெட்டியின் குழாயைத் திறந்தால் சாறு வெளியே வர வேண்டும், உமி உள்ளேயே நிற்க வேண்டும். அதற்குத்தான் அடியில் வடிகட்டி. கீசர் ஹோஸின் மேல் இருக்கும் கம்பிப் பின்னலை உருவிக் குழாய் வாயில் செருகி இத்தனை காலம் ஓட்டிவிட்டார்கள்.

இன்றைக்கு சோணை, லேத்தில் துளை போட்ட ஸ்டீல் தட்டு ஒன்றோடு வந்து நிற்கிறான்.

"இம்புட்டு வருசத்துல அந்தக் குழா ஒரு தடவையாச்சும் அடைச்சிருக்காடா?" என்றான் அழகுபாண்டி.

"அடைச்சா என்ன பண்ணுவ மாப்ள?" என்று சொல்லிக்கொண்டே சோணை முழுக்கைச் சட்டையின் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டான். குக்கர் ஆவி அடித்துவிட்டதாம். தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

இவனிடம் பேசி ஆகாது என்று அழகுபாண்டி பழைய வலைக்குழாயை உருவி, விரித்த பேப்பர் மேல் ஒரு தட்டுத் தட்டினான். எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பார் என்று காட்டத்தான்.

கறுப்பாகப் பொடியும் உமியும் உதிர்ந்தன.

அவர்கள் காய்ச்சுவது எப்போதும் வெளுத்த பீர். கறுப்பு பீருக்கென்று கருக வறுத்த பார்லி பெங்களூரிலிருந்து பார்சலில் வந்து, அலமாரி பாட்டிலில் தொடாமல் கிடந்தது. அதைத் திறப்பதற்குள் போன மாதம் கம்பெனி அழகுபாண்டியை ஒரு மாத ட்ரெய்னிங்குக்குக் கோயம்புத்தூர் அனுப்பிவிட்டது. பஸ் ஏற்றிவிட வந்த சோணை, நீ வராமல் அதைத் தொடுவேனா மாப்ள என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

அழகுபாண்டி எழுந்து பாட்டிலைப் பார்த்தான். பாதிதான் இருந்தது.

"ஏதாச்சும் கருகினதா இருக்கும்" என்றான் சோணை.

ஐஸ் பெட்டிக்கு அடியில் எவன் தீ மூட்டினான், கருகுவதற்கு?

கட்டினவன் சட்டையில் வேறு ஒருத்தியின் தலைமுடியைக் கண்டவளைப்போல, அழகுபாண்டி அந்த உமியை விரலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கறுப்பு பீரை முதல் முதலில் இரண்டு பேரும் சேர்ந்துதான் காய்ச்ச வேண்டும் என்று எத்தனை ராத்திரி பேசியிருப்பார்கள். அவனுக்கென்று இருந்தது இந்த அறையும் இந்த ஒரு கூட்டாளியும்தான்.

"தனியாவாடா குடிச்ச?"

"தனியாத்தான் மாப்ள." கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

சோணை தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதைக் கண்டதும் அழகுபாண்டிக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. சரி, ஆசை யாரை விட்டது? பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே திரிகிறவன், நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் தானாக வழிக்கு வருவான்.

அதைவிட சுபலட்சுமியை நினைத்துத்தான் அழகுபாண்டிக்குப் பாவமாக இருந்தது. பார்லி கொதிக்கிற வாடை ஏறினாலே தலைவலி என்று படுத்துவிடுகிறவள் அவன் மனைவி. துணி காயப்போட மாடிக்கு வந்தால்கூட இந்த அறையைத் தாண்டும்வரை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போவாள். ஒரே ஒரு மடக்கு குடித்துப் பாரேன் என்று கல்யாணமான புதிதிலிருந்து கெஞ்சுகிறான். கெஞ்சிக் கெஞ்சி அவனுக்கே வெட்கமாகிவிட்டது. புருஷன் ஊரில் இல்லாத நேரத்தில் சோணை பாட்டுக்கு அடுப்பைப் பற்றவைத்தால், ஒற்றையாளாகக் கீழே கிடந்து என்ன பாடு பட்டாளோ.

தங்கச்சி தங்கச்சி என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவனுக்கு அதுகூடவா தோன்றவில்லை? அதைத்தான் கேட்கப்போனான்.

திருப்பரங்குன்றம் மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. கொடியில் கிடந்த துணிகளை எடுக்க சுபலட்சுமி மேலே வந்தாள். ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பியவள், தட்டும் வலைக்குழாயும் எதிரெதிராகக் கிடப்பதைப் பார்த்து அறை வாசலில் நின்றாள்.

"பேசாம தட்டையே போடுங்க" என்றாள் சோணையைப் பார்த்து. "அந்தக் குழா மறுபடி அடைச்சு, இன்னொரு கையையும் உள்ள விட்டுப் பொசுக்கிக்கிறதுக்கா?"

சொன்ன பிறகுதான் அவள் அழகுபாண்டியின் விரலில் இருந்த கறுப்பு உமியைக் கண்டாள்.

தகரத்தில் முதல் தூறல் விழுந்தது. சோணை சட்டைக் கையை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்தான்.

அறைக்குள்ளிருந்து பழைய பார்லி வாடை எப்போதும்போல வாசல்வரை அடித்துக்கொண்டுதான் இருந்தது. துணியெல்லாம் அவள் தோளில் கிடந்தது. கை இரண்டும் சும்மாதான் இருந்தன.

முந்தானை மூக்குப் பக்கம் போகவே இல்லை.