துண்டில் ஒட்டிய மினுமினுப்பு

சர்க்கரை கூடிவிட்டது என்று டாக்டர் எச்சரித்த பிறகு, பட்டாசுக் கம்பெனி முதலாளி சங்கரபாண்டியன் மாடி அறையில் உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்கத் தொடங்கினார். ஏசி ஓடியும் வேர்வை கொட்டியது. இதயம், ரத்தம் எல்லாம் சோதித்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.

அவருடைய துண்டைத் துவைத்தபோது மனைவி லட்சுமிகாந்தத்தின் விரல்களில் வெள்ளியாக ஏதோ மினுங்கியது. பட்டாசு மருந்தில் சேர்க்கும் அலுமினியப் பவுடர்.

"மருந்து கலக்குற ரூமுக்குப் போனீகளா?"

"வெள்ளைத்துரையோட சேர்ந்து அந்த ரூமே போச்சே. எங்கன போக?"

வெள்ளைத்துரை அங்கே வெடிமருந்து கலக்கியவர்; வெடி விபத்தில் அந்த அறையோடு செத்துப்போனவர். அந்த வேலை பார்க்கிறவர்கள், உடம்பில் ஒட்டிய மருந்து பற்றிக்கொள்ளும் என்று, குளிக்காமல் அடுப்புப் பக்கம் போவதில்லை, விளக்குப் பக்கமும் போவதில்லை.

வெள்ளிக்கிழமை மாலையும் சங்கரபாண்டியன் சைக்கிள் மிதித்துவிட்டுக் குளித்தார். ஈரத் தலையோடு பூஜை அறை வாசலில் வந்து நின்றார். லட்சுமிகாந்தம் தீப்பெட்டியைத் திறந்தாள். அவர் நெற்றியில் வேர்வை மறுபடியும் வெள்ளியாகத் துளிர்த்தது. தலையிலிருந்து குளித்த தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

கைகளைக் கட்டிக்கொண்டு, பணிவாக ஒதுங்கி நின்று அவர் சொன்னார்:

"முதலாளியம்மா, விளக்க ஏத்தாதீக. நான் இன்னும் குளிக்கல."