குச்சியிலிருந்து குச்சிக்கு

அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

கத்தரிக்காய்த் துண்டு மேஜையில் விழுந்தது.

"ஐயோ, என்ன செய்திய?"

அவள் தன் குச்சிகளால் எடுத்து என் தட்டில் வைக்க வந்த துண்டு அது. நான் பாதி வழியிலேயே என் குச்சிகளை நீட்டிப் பற்றிக்கொண்டேன். கொஞ்சம் பெருமைதான். ஜப்பானுக்கு வந்ததிலிருந்து அன்றுதான் அந்த வித்தை எனக்குப் பிடிபட்டிருந்தது.

"நீ குடுத்த, நான் வாங்குனேன். இதுல என்ன இருக்கு?"

"குச்சியில இருந்து குச்சிக்கு வாங்கப்பிடாது."

"ஏன்?"

"சாப்பிடையில சொல்ல முடியாது. பேசாம தட்டுல வாங்குங்க."

சாப்பிட்ட பிறகு கேட்க மறந்துவிட்டேன்.

*

அவளுக்குக் குச்சி பழகியது பள்ளிக்கூடத்தில்.

ஜப்பானில் ஒரு கடலோரச் சிற்றூர். அங்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போனவள். அங்குள்ளவர்களுக்கு வடிவு சென்செய், வடிவு டீச்சர். மதியம் பிள்ளைகளே வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு எல்லோருக்கும் பரிமாறுவார்கள். ஆசிரியர்களுக்கும் அதே வகுப்பறை, அதே சோறு. முதல் மாதம் கைப்பையில் ஸ்பூன் கொண்டுபோனாள். பிள்ளைகள் அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, அவித்த சோயாப் பயறை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றச் சொன்னார்கள். ஒன்று கீழே விழுந்தாலும் வகுப்பே கத்தும்.

"ஒன்ஸ் மோர்!"

பாடம் நடத்தும்போது அவள் அவர்களிடம் சொல்வது அது.

வீட்டில் எனக்குப் பயிற்சி வறுத்த நிலக்கடலையில். ஒன்ஸ் மோர்.

மாலையில் தொண்டை கட்டிப்போய் வருவாள். பிள்ளைகள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள், அவர்களுக்கும் சேர்த்து நான்தான் கத்த வேண்டியிருக்கிறது என்பாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பனங்கற்கண்டு டப்பாவைக் கை காட்டுவாள்.

அது கரையும்வரை பேச மாட்டாள். நான் பேசுவேன்.

*

பிப்ரவரியில், கரும்பலகைக்கு முன்னால், ஒரு வாக்கியத்தின் நடுவில் சரிந்தாள்.

மூளைக்குள் ரத்தக் கசிவு என்றார்கள். பிறகு கண் திறக்கவில்லை.

உடலை ஊருக்குக் கொண்டுபோக நாளாகும் என்றார்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. இங்கேயே தகனம் என்று நான்தான் சொன்னேன்.

தென்காசியிலிருந்து அவள் தம்பி போனில் அழுதான். அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னான்.

"அத்தான், எலும்பு எடுக்கையில கையால எடுங்க. பாலு ஊத்தி, கையால. அங்க உள்ளவன் கம்பக் குடுத்தாம்னா வாங்கிராதிய. எங்க அக்கா என்ன நூடுல்ஸா?"

சொன்னபிறகு அவனே விம்மினான்.

"சரி மாப்ளே" என்றேன்.

*

அவளைக் கொண்டுபோன வண்டி பள்ளிக்கூடத்து வாசல் வழியாகப் போனது. பிள்ளைகள் பனியில் வரிசையாக நின்று குனிந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சத்தமாக, இன்னும் சத்தமாக என்று சொல்ல ஆள் இல்லை.

*

தகன உலையிலிருந்து தட்டு வெளியே வந்தபோது அனல் முகத்தில் அடித்தது.

எலும்பில் அவ்வளவு வெள்ளையை நான் எதிர்பார்க்கவில்லை.

கையுறை அணிந்த ஊழியர் என்னிடம் நீளமான குச்சிகளைக் கொடுத்தார். ஒன்று மூங்கில். மற்றது வேறு ஏதோ மரம். ஜோடி சேராதவை. எதிரே காஜிமோட்டோ நின்றார். அவளோடு ஒரே வகுப்பில் ஆங்கிலம் நடத்தியவர். மதியச் சாப்பாட்டில் அவள் பக்கத்து நாற்காலி. அவர் கையிலும் குச்சிகள்.

கையால் எடுக்கலாமா என்று கேட்டேன். காஜிமோட்டோ ஊழியரிடம் கேட்டுச் சொன்னார்.

"உங்கள் வழக்கப்படியே செய்யலாமாம். சூடு மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்."

குச்சிகளைக் கீழே வைத்தேன்.

"எங்கள் வழக்கம் வேறு" என்றார் காஜிமோட்டோ. "ஒருவர் எடுத்துக் கொடுப்பார். மற்றவர் அதைத் தன் குச்சியால் வாங்கி ஜாடியில் வைப்பார். குச்சியிலிருந்து குச்சிக்கு. இந்த ஒரு இடத்தில்தான். வேறு எங்கும் அப்படி வாங்க மாட்டோம்."

கொஞ்சம் தயங்கினார்.

"வடிவு சென்செய் உங்களுக்குச் சொல்லியிருப்பாரே."

"பாதி சொன்னாள்" என்றேன்.

எலும்பெடுக்க நீட்டிய என் கை தட்டின் மேல் அப்படியே நின்றது.

பிறகு குச்சிகளை எடுத்துக்கொண்டேன்.

*

காலிலிருந்து தொடங்கினோம். ஜாடிக்குள்ளும் அவள் தலைகீழாக இருக்கக் கூடாதாம்.

காஜிமோட்டோ எடுத்துத் தன் முன்னாலிருந்த வெள்ளைத் தாளில் வைப்பார். நான் அங்கிருந்து எடுத்து ஜாடிக்குள் விடுவேன். நேராக வாங்க எனக்குத் துணிவில்லை. அது அவருக்குப் புரிந்திருந்தது.

ஒரு சிறு துண்டு என் குச்சிகளிலிருந்து நழுவித் தாளிலேயே விழுந்தது.

குச்சிகளைத் திருத்திப் பிடித்தேன்.

காஜிமோட்டோ தலையைத் தூக்காமல், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"ஒன்ஸ் மோர்."

எடுத்தேன்.

*

கடைசியாக ஒன்றை ஊழியர் தனியே ஒதுக்கி வைத்திருந்தார். தொண்டை எலும்பு. கைகூப்பி அமர்ந்திருக்கும் புத்தர் போல இருக்குமாம். நெருங்கியவர்தான் அதை உள்ளே வைக்க வேண்டுமாம்.

எனக்குப் புத்தர் தெரியவில்லை.

பனங்கற்கண்டுத் துண்டு மாதிரி இருந்தது.

காஜிமோட்டோ அதைக் குச்சிகளால் எடுத்தார். இந்த முறை தாளில் வைக்கவில்லை. அந்தரத்தில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நான் என் குச்சிகளை நீட்டினேன்.

ஒரு கணம் காத்திருந்தேன்.

யாரும் என் கையைத் தட்டிவிடவில்லை.