வெறுங்கையோடு முதலிடம்

"மாஸ்டர், அடுத்த மாச ரிலேலயும் கடைசி ஓட்டம் எனக்குத்தான் வேணும்." பயிற்சியாளரிடம் இடம் கேட்கவே கூடாது என்று தோழிகள் படித்துப் படித்துச் சொல்லியும் டிகிரி கேட்டுவிடுகிறாள். உடைமாற்றும் அறையின் உயர ஜன்னல் வழியே சரியும் சாயங்கால வெயிலில், தொடர் ஓட்டத்தில் கைமாற்றும் பேட்டன் மேசைமேல் கிடந்து மினுங்குகிறது. ஒரு மணி நேரத்துக்கு முன், அது கைக்கு வராமலே அவள் ஓடினாள். பேட்டனை வாங்கக் கை நீட்டச் சொல்லிப் பக்கத்துத் தடத்துக்காரி "கை!" என்று கத்தியதைத் தன் தோழியின் குரலென்று நம்பிக் கிளம்பியவள், இறுக்கி மூடிய வெறுங்கையைத் தூக்கிக்கொண்டு முதலாவதாக வந்து நின்றாள். அரங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பேட்டன் கொடுக்க வந்த தோழி இன்னும் ஈரத்துண்டால் முகத்தை மூடியபடி இருக்கிறாள்.

"வீட்லயே முதல் பட்டதாரின்னு 'டிகிரி'ன்னு பேரு வச்சீங்களே," என்கிறார் மாஸ்டர் மற்ற பெண்களிடம், அடுத்த மாத அணிப் பட்டியலிலிருந்து தலை தூக்காமல். "கையில ஒண்ணுமில்லேன்னுகூட அம்மணிக்குத் தெரியல." யாரோ களுக்கென்று சிரிக்கிறார்கள்.

"தெரியலதான். எட்டுத் தடத்துலயும் 'கை'ன்னே கத்தினா எப்படித் தெரியும்? வேற வார்த்தை வைங்கன்னு ரெண்டு தடவை சொன்னேன், காதுல வாங்கல நீங்க."

பட்டியலில் கடைசி ஓட்டத்துக்கான நான்காவது பெயரின் காலியிடத்தின்மேல் மாஸ்டரின் பேனா அசையாமல் நிற்கிறது. அவள் பேட்டனை எடுத்துத் தோழியின் உள்ளங்கையில் வைக்கிறாள். "எழுந்து வாடி. இனிமே 'டிகிரி'ன்னு கத்து." பதிலுக்கு நிற்காமல், வெயில் மிச்சமிருக்கும் தடத்தை நோக்கி நடக்கிறாள்.