கேமரா காணாத மாணவி

ஏரியை மூட வேண்டாமென்று அமைதி வழியில் கரையில் உட்கார்ந்து கோஷம் போட்டதற்காகக் கைதானவள் இளவேனில். பல்கலைக்கழகம் கொடுத்த தண்டனை: முகம் பார்த்து வருகை பதியும் வகுப்பறைக் கேமரா இனி அவளைக் காணாது. வருகைப்பதிவு இல்லாமல் தேர்வெழுத முடியாது.

பேராசிரியர் மாசிலாமணி உள்ளே வந்ததும் நனைந்த மழைக்கோட்டைக் கழற்றிக் கேமராவின் மேல் மாட்டினார்.

"ஐயா, கேமரா மறையுது!" என்றான் முன்வரிசை வேந்தன்.

"கோட்டு காயணும்ல தம்பி? கேமராவுக்குக் கண்ணு தெரியலன்னா பேர் கூப்பிட்டுப் பதியலாம். அதுவும் விதிதான்."

வரிசையாகக் கூப்பிட்டார்.

"இளவேனில்?"

அவள் எழுந்தாள். கோஷத்தில் கட்டிப்போன தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

"சத்தமா சொல்லும்மா."

"உள்ளேன் ஐயா!" என்றது வகுப்பு முழுவதும்.

"ஒருத்திக்கு இத்தனை ப்ராக்சியா?" என்று சிரித்தபடியே அவர் பதிந்துகொண்டார். இளவேனில் நெடுமூச்சு விட்டு உட்கார்ந்தாள்.