ஆகாயத்தில் போட்ட தையல்

அந்தக் காலத்து விமானங்களுக்குத் துணியில்தான் இறக்கை. விமானக் கொட்டகையில் அந்தத் துணியைத் தைப்பவள் அக்கா. அதே விமானத்தை ஓட்டிக்கொண்டு சண்டைக்குப் போனவன் அவளுடைய தம்பி.

நடுப்பகலில் அவன் திரும்பி வந்தான். இறங்கியதும் நேராக அக்காவிடம் ஓடினான்.

“குண்டு பட்டு இறக்கை முழ நீளத்துக்குக் கிழிஞ்சிடுச்சுக்கா. கதை முடிஞ்சுதுன்னு கண்ணை மூடிட்டேன். திறந்து பார்த்தா தைச்சிருக்கு!”

“காலையிலேர்ந்து அவ இந்த இடத்தை விட்டு எழுந்திரிக்கவே இல்லையேப்பா,” என்றார் கொட்டகை மேஸ்திரி.

எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். கிழிசல் நெடுக நெருக்கமான தையல். மேஸ்திரி அதை விரலால் தடவினார். “உன் கைதாம்மா இது,” என்றார். “பிரிச்சிட்டுப் புதுத் துணி போட்டுடலாமா?”

“என் தையலை யாரும் பிரிக்க வேணாம்,” என்றாள் அக்கா, தலையை நிமிர்த்தி.

கடைசி முடிச்சு மட்டும் போட்டிருக்கவில்லை. நூலின் முனையில் ஊசி தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா அதைக் கையில் எடுத்தாள். அந்த வெயிலிலும் பனிக்கட்டியாகச் சில்லிட்டது. நிதானமாக முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். நாக்கில் மேகத்தின் ஈரம் பட்டது.

“இப்போ தைரியமா ஏறு,” என்றாள் தம்பியிடம்.