தலைமாட்டு விளக்கு

ஹாம்ஸ்டர் என்ற அந்தக் குட்டி வளர்ப்பு எலிக்குக் குளிர் ஆகாது என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்திருந்தார். ஆனாலும் சித்திரைப் புழுக்கத்தில் அது தவித்துப்போகுமே என்று சுகந்தி கூண்டை ஏசி அறைக்குள் வைத்துவிட்டாள். காலையில் அது சுருண்டு, கல்லைப் போலச் சில்லிட்டுக் கிடந்தது. பூந்தொட்டியில் புதைத்துவிடலாம் என்றான் அவள் கணவன் செந்தூரன். "நம்ம பொண்ணு மொகம் பாக்காம எப்படிங்க எடுக்கறது? பரீட்ச எழுதிட்டு வரட்டும்" என்றாள் சுகந்தி. கூடத்தில் ஒரு செருப்புப் பெட்டியை வைத்து, கைக்குட்டை விரித்து அதைக் கிடத்தி, மனிதர்களுக்குச் செய்வதுபோலத் தலைமாட்டில் அகல்விளக்கு ஏற்றினாள். செந்தூரன் சிரிக்கவில்லை. சுடர் அணைந்துவிடாதபடி மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்த்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். மத்தியானம் மகள் நறுமுகை வந்து பார்த்தாள். அழவில்லை. "தாத்தாவுக்குப் போட்ட மாதிரி வாய்க்கரிசி போடணும்ல?" என்று கேட்டு, நாலு அரிசியை அதன் வாயோரம் வைத்தாள். மீசை அசைந்தது. மூவரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கண் திறந்தது. "சாகல, குளிர்ல வெறச்சுத் தூங்கியிருக்கு" என்றான் செந்தூரன். பிறகு அரிசி ஒவ்வொன்றாக, அது தீனி சேர்த்துவைக்கும் கன்னப்பைக்குள் போனது. சுகந்தி, சாவுக்கு ஏற்றிய விளக்கு என்றுகூடப் பார்க்காமல், அதைக் கொண்டுபோய்ச் சாமி படத்தின் முன்னால் வைத்தாள். வேண்டிக்கொள்ள ஒன்றும் தோன்றவில்லை, கை மட்டும் குவிந்திருந்தது. அவளுக்குப் பின்னால், செருப்புப் பெட்டியின் மூலைக்குத் தள்ளாடிப் போன ஹாம்ஸ்டர், கன்னத்தைக் காலால் அழுத்தி, தனக்குப் போட்ட வாய்க்கரிசியை நாளைக்கென்று எடுத்துவைத்துக்கொண்டிருந்தது.